நீர்மட்டம் அறுபத்தெட்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் முடிவுதான் முதலில் வந்தது, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. இரும்புக் கட்டியை அறுக்கிறார்கள், உள்ளே காலி, பெண் ஜெயிக்கிறாள். அதற்குத் தோதாக ஆட்களைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

ஆய்வகத்துக்கு வெளியே மழை நசநசவென்று... (வேண்டாம். மழைக்கு இங்கே வேலை இல்லை.)

இயற்பியல் செய்முறைத் தேர்வு. எதற்கெடுத்தாலும் கொக்கி போடுவதால் 'கொக்கி' என்றே பெயரெடுத்த மாணவி, ஒரு கோணல்மாணலான இரும்புக் கட்டியின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். எடை போட்டாள்: 156 கிராம். அளவுசாடித் தண்ணீரில் இறக்கினாள். நாற்பதில் இருந்த நீர்மட்டம் அறுபத்தெட்டுக்கு ஏறியது. கனஅளவு 28. வகுத்தால் 5.57. அட்டவணையில் இரும்புக்கு 7.8. இதில் கோட்டைவிட்டால் அவள் ஆசைப்பட்ட அறிவியல் பிரிவு கிடைக்காது.

துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். அதே 28.

"ஏய், அறுபதுன்னு எழுதித் தொலை," என்றாள் பக்கத்து மேசைத் தோழி. "கழிச்சா இருபது. 7.8 கச்சிதமா வரும். நாங்கல்லாம் அப்படித்தான் எழுதினோம்."

(அந்தப் பள்ளியில் அதுதான் வழக்கம்: விடையை முதலில் எழுது, அளவை அதற்கேற்ப வை. சிரிக்காதீர்கள். பல் தேய்க்கும்போது நான் மட்டும் என்ன செய்தேன்?)

3

இவள் இவ்வளவு நல்லவளா? நானே நம்பவில்லை. அதனால் கையில் ரப்பரைக் கொடுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டில் எட்டை அழித்துப் பூஜ்யம் போட்டாள். பூஜ்யத்தை அழித்து மறுபடி எட்டு போட்டாள்.

டீச்சர் தாளைப் பார்த்தார். "இரும்புக்கு 7.8 தானேம்மா?"

"ஆமா டீச்சர். ஆனா தண்ணி அறுபத்தெட்டுக்கு ஏறுது. கட்டிக்குள்ள எங்கயோ காலியா இருக்கு போல."

"இத்தனை வருஷமா இதே கட்டிக்கு எல்லாருக்கும் 7.8 வந்திருக்கே?"

"எல்லாரும் தண்ணியப் பாத்தாங்களா டீச்சர்?"

டீச்சர் கோபத்தில்... (இல்லை, கோபமில்லை. அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவரும் பார்த்ததில்லை.)

4

இந்த இடத்தில் நான் ரம்பத்தோடு வந்து கட்டியை அறுக்க வேண்டும். மாட்டேன். அறுத்தால் நானும் அறுபது என்று எழுதிய ஆள்தான்.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். கட்டியை நூலில் கட்டி, தானே தண்ணீரில் இறக்கினார். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைக்கக் குனிந்தார். கொக்கி தள்ளி நின்று இடம் விட்டாள்.

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நீங்கள் வந்து டீச்சர் பக்கத்தில் குனியுங்கள். எதில் நிற்கிறது? அட்டவணையைப் பார்க்காமல் சொல்லுங்கள்.