நாலு நொடி இடைவெளி

அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர் வைத்தவர், அடுத்த மேசையில் பல் அச்சுக்கு மாவு குழைக்கும் மாவு அண்ணன்தான். பேர் பொருந்தவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பல்செட் செய்யும் அந்தக் கூடத்தில் காலை எட்டு மணிக்குக் காதில் இயர்போனை மாட்டுவாள். கை அதுபாட்டுக்கு மெழுகில் பல் நடும், வாய் அதுபாட்டுக்குப் பிரெஞ்சு பேசும்.

காரணம் இல்லாமல் இல்லை. கணவன் பிரெஞ்சு பேசும் ஊருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பல்செட் கூடத்தில் ஆள் தேவை. போனில் பிரெஞ்சில் பேசித் தேறினால் வேலை. வேலை கிடைத்தால் விசா. இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷமோ, வீடியோவில் முகம் பார்த்தே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். வகுப்புக்குப் போகலாமென்றால் அது நடக்கிற நேரமெல்லாம் இவளுக்கு வேலை நேரம். எனவே தொண்ணூறு ஆடியோ பாடங்களைப் போனில் இறக்கிக்கொண்டு, இரண்டு தரம் கேட்டும் முடித்துவிட்டாள்.

“ஏம்மா, எதிர்ல ஆளே இல்லாம பேசிப் பேசி ஒரு பாஷை வந்துருமா?” என்பார் மாவு அண்ணன்.

“வரும்ணே. வராம எங்க போயிடும்?”

பாடத்தில் ஓர் அம்மாள் கேள்வி கேட்பாள். நாலு நொடி சும்மா இருப்பாள். அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். புரியவில்லையா, இயர்போன் ஒயரில் உள்ள பொத்தானை ஓர் அமுக்கு. அம்மாள் அலுத்துக்கொள்ளாமல் திரும்பச் சொல்லுவாள். சிவப்பு மெழுகு ஒட்டின விரலால் அமுக்கி அமுக்கி அந்தப் பொத்தானே சிவந்து போயிருந்தது.

நேர்காணலுக்கான போன் பகல் இரண்டு மணிக்கு வந்தது. இயர்போனிலேயே எடுத்தாள். மாவு அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தார். வணக்கம், நலம், எத்தனை வருஷ அனுபவம், எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். பிறகு அந்த ஊர்க் கூடத்தின் தலைவி ஒரு நீளமான கேள்வியை ஒரே மூச்சில் கேட்டாள் பாருங்கள், நாலு நொடியாவது மண்ணாங்கட்டியாவது! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழகின கை தானாகப் பொத்தானுக்குப் போய் ஓர் அமுக்கு அமுக்கியது.

போன் கட்டாகிவிட்டது.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“நானே கட் பண்ணிட்டேண்ணே. பாடம்னு நெனச்சு பொத்தானை அமுக்கிட்டேன்.” தன் விரலைத் தானே ஒடித்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

“விடும்மா. அவங்களே திரும்பக் கூப்புடுவாங்க.”

“எங்க கூப்புடுவாங்க? மரியாதை இல்லாம வச்சுட்டாள்னு நெனப்பாங்க.”

இயர்போனைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். போனை வெறும் காதில் வைத்து அவளே கூப்பிட்டாள். எடுத்தது யாரோ ஓர் ஆண். இது எந்தப் பாடத்திலும் இல்லை. “நேர்காணல். தப்பு. நான் கட் பண்ணினேன். தலைவி வேண்டும்,” என்று கையில் இருந்த பிரெஞ்சை எல்லாம் கொட்டினாள்.

தலைவி வந்தாள். “ஏன் வைத்துவிட்டீர்கள்?”

“நான் ஆடியோவில் படித்தேன். ஆடியோவுக்குப் பொத்தான் உண்டு, உங்களுக்கு இல்லை. திரும்பச் சொல்லுங்கள், மெதுவாக.”

அந்தப் பக்கம் சிரிப்பு. கேள்வி மெதுவாக வந்தது. புதுப் பல்செட் போட்டவர் பேசும்போது விசில் அடிக்கிறது, என்ன செய்வீர்கள்?

அட, இதுவா! பதினாலு வருஷமாகச் செய்கிற வேலை. பதில் கையில் இருக்கிறது, வாயில்தான் சொல் இல்லை. தொண்ணூறு பாடமும் அவளுக்கு ஓட்டல் அறை எடுக்கவும் ரயில் டிக்கெட் வாங்கவும் கற்றுக்கொடுத்திருந்தன. மெழுகு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்தானே! அதற்காக விட்டுவிடுவாளா? முதலில் போனுக்குள் விசிலடித்துக் காட்டினாள். நாற்பதாம் பாடத்தில் ஓட்டல் மேசையில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

“மேசையில் மெழுகுவர்த்தி. சூட்டில் உருகும். அந்தப் பொருள். வாயில் மேலே, உள்ளே, நடுவில், கொஞ்சம் வைப்பேன். பேசச் சொல்வேன். விசில் வந்தால் இன்னும் கொஞ்சம்.”

தலைவி மெழுகுக்கான சொல்லைச் சொன்னாள். பழக்கதோஷம், இவள் அதை உரக்கத் திரும்பச் சொன்னாள். தலைவி இன்னொரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அதையும் சொன்னாள். பத்து நிமிஷப் பேச்சு அரை மணி நேரம் ஆனது. மாவு அண்ணன் குழைத்து வைத்திருந்த மாவு கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முதல் மாதம் உங்களுக்குப் பாதி புரியாது,” என்றாள் தலைவி கடைசியில். “பரவாயில்லை. விசா வந்ததும் வேலைக்கு வந்துவிடுங்கள்.”

இந்தத் தடவை அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“திரும்பச் சொல்லுங்கள்,” என்றாள், “மெதுவாக.”