வயர்லெஸ் என்று சொன்னவன்

1

ஒரு கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பந்தா பண்ணுவோம். கனவில் வந்தது என்போம், காற்றில் வந்தது என்போம். இது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்தது.

2006 புரட்டாசி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் லோகு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். பொத்தேரியில் ஒரு விடுதியில் வாட்ச்மேனாக இருக்கும் மச்சான் தனகோடியைப் பார்த்துவிட்டு வருகிறார். படிப்பு முடித்துப் போன மாணவன் ஒருவன் விட்டுச்சென்ற பொருளைத் தனகோடி இவர் கையில் கொடுத்திருந்தான். சோப்பு டப்பா அளவில் ஒரு அட்டைப் பெட்டி.

"இதுல இன்னா சார் எழுதிகீது?" என்று நீட்டினார்.

நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. வயர்லெஸ் என்றேன். காதில் மாட்டிக்கொண்டால் ஒயர் இல்லாமல் போனில் பேசலாம் என்று விளக்கமும் கொடுத்தேன்.

"எம்மாந்தூரம் கேக்கும் சார்?"

ஜன்னலில் திருக்கழுக்குன்றம் மலை தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்கு வேறு யோசனை. "இந்தக் காலத்துல தூரமெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அவருடைய மனைவி யோகேஸ்வரி, அவர் கரைக்கு வந்து சேரும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளாம். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். நடுக்கடலிலிருந்து நான் நல்லா கீறேன், நீ துன்னு என்று இதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்டுவிடுவாள் என்றார். நடுக்கடல் என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி எனக்கும் சேர்த்து வேர்க்கடலை வாங்கி வந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. குப்பத்தில் வயர்லெஸ் என்றால் வேறு. காவல் நிலையத்தில் கரகரவென்று பேசுகிற பெட்டி வயர்லெஸ். பெரிய விசைப்படகுக்காரர்கள் எங்கேயோ இருந்துகொண்டு கரையோடு பேசுகிறார்களே, அதுவும் வயர்லெஸ். நான் ஒயர் இல்லை என்று சொன்னேன். கடலிலிருந்து கரைக்குக் கேட்கும் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

2

பிறகு என்றால் 2008-ல். நானும் ஒன்று வாங்கினேன். செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் அதை மாட்டிக்கொண்டு "எங்க இருக்கே?" என்றதும், எதிரில் நின்றவர் "இங்கதான் சார்" என்றார். காதுமடல் வலித்தது. பேசாத நேரத்திலும் கழற்ற மனசு வரவில்லை. யாரோ எந்நேரமும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு.

ஒரு நாள் போனை மேஜையில் வைத்துவிட்டு, நண்பர் பத்ரியோடு பேசிக்கொண்டே கொல்லைப்புறம் நடந்தேன். பதினோராவது எட்டில் பத்ரி கரகரத்தார். அடுத்த எட்டில் காணாமல் போனார். பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். பொடி எழுத்தில் பத்து மீட்டர் என்று இருந்தது. வேர்க்கடலை ஞாபகம் வந்தது.

லோகுவை நான் மறுபடி பார்க்கவில்லை. தேடிப் போகலாமென்று மாமல்லபுரம் பேருந்து நிலையம்வரை ஒருமுறை போனேன். ஒரு டீ குடித்தேன். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன். அதனால் இனிமேல் வருவதெல்லாம் என் கற்பனை. என்னால் போக முடியாத வீட்டுக்குள் கதையை அனுப்புகிறேன்.

3

எப்படித் தொடங்குவது?

கடல் அன்று எப்போதையும் விட அமைதியாக—

[அடித்துவிட்டேன். கடலோரக் கதை என்றால் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எவன் சொன்னான்?]

லோகுவின் காதில் ஒரு நீல விளக்கு—

[இதுவும் வேண்டாம். லோகு சந்தோஷமாக இருக்கிறான். வீட்டில் ஒருத்தி பட்டினி கிடக்கிறாள், அவளிடம் போவோம். பேருந்தில் அவர் என்றேன், கதைக்குள் வந்ததும் அவன் என்கிறேன். எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் உண்டு.]

யோகேஸ்வரிக்கு அலை என்றால் பயமில்லை.

இது நிற்கும். 2004 டிசம்பரில் அலை ஊருக்குள் வந்தபோது லோகு கடலில் இருந்தான். அவள் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடித் தப்பினாள். ஆழத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்று யாருக்குத் தெரியும்? பொழுது சாயும்வரை, கரையில் கிடத்தியிருந்தவர்களின் சட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று. அவன் வந்து சேர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அலை வந்த வேகத்தில் போய்விட்டது. ஒன்றும் தெரியாமல் இருந்த அந்த எட்டு மணி நேரம்தான் அவளை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து அவன் கடலில் இருக்கும்வரை அவள் தொண்டையில் எதுவும் இறங்குவதில்லை. விரதம் என்று ஊரில் சொன்னார்கள். விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயில் வைத்தால் குமட்டும், அவ்வளவுதான். போன வாரம் சுகாதார நிலையத்தில் மயங்கி விழுந்தாள். நர்ஸ் மார்கரெட் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தார்.

"உனுக்குப் பசிக்கலன்னா போ. உள்ள கீறதுக்குப் பசிக்காதா? இப்டியே போனா புள்ள தங்காது" என்றார்.

4

லோகுவின் பழைய போன் ஒன்று உப்புத்தண்ணீரில் செத்துப்போயிருந்தது. அதனால் புதுப் போனை அவன் படகில் ஏற்றுவதில்லை. வயர்லெஸ்ஸில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். போன் வீட்டில் கிடக்கட்டும், காது மட்டும் என்னோடு வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மாமல்லபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் கேசவன், நாலு சைபர் அடித்துப் போனையும் அதையும் ஜோடி சேர்த்துக் கொடுத்தான். கடை போனிலிருந்து கூப்பிட்டுக் காட்டினான். லோகுவின் போன் மேஜையில் கிடக்க, கேசவனின் குரல் லோகுவின் காதுக்குள் வந்தது. யாராவது போனுக்குக் கூப்பிட்டால்தான் இதில் பேச முடியும், போனை விட்டுத் தள்ளிப் போனால் கேட்காது என்று கேசவன் சொல்லியிருப்பான்.

[சொல்லியிருப்பான். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் சார்ஜர் கேட்டு உள்ளே வந்துவிட்டார். வெள்ளைக்காரரை அனுப்பியவன் நான்.]

ஊரில் சோதனை நடந்தது. யோகேஸ்வரி வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். லோகு மாட்டிக்கொண்டு மணலில் இறங்கினான். மூன்று படகு தாண்டி நின்று, "யோகு, கேக்குதா?" என்றான். கேட்கிறது என்றாள்.

கேட்கத்தான் செய்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை அது. அவன் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். போன் வழியாக வந்ததா, காற்று வழியாக வந்ததா என்று இருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆதியம்மாள் மட்டும், "எனுக்கும் கேக்குது, எங்கையில போனே இல்லியே" என்றாள். அவள் எப்போதும் நக்கல் பேசுகிறவள் என்று சிரித்து விட்டுவிட்டார்கள்.

5

எட்டு மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. மறுநாள் எட்டு மணிக்கு யோகேஸ்வரி போனைக் காதில் வைத்தாள். ஒன்றும் இல்லை. வெளியே வந்து நின்று பார்த்தாள். கவிழ்த்துப்போட்ட படகின்மேல் ஏறி நின்று பார்த்தாள். ஒரு இரைச்சல்கூட இல்லை. எட்டரைக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. கஞ்சி மூடினது மூடினபடி இருந்தது.

பதினோரு மணிக்குப் படகு வந்தது. வலையைக்கூட இறக்காமல் லோகு அவளிடம் ஓடி வந்தான். காதில் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் குரல் தன் காதுக்கு வராததை அவன் கடல் இரைச்சலின் தலையில் போட்டிருந்தான்.

"நான் பேசினது கேட்டுச்சா?"

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம். எழுதியும் பார்த்தேன்:

"கேக்கலய்யா" என்றாள். லோகுவின் முகம்—

[முடியவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்த முகம் அது.]

"கேட்டுச்சு" என்றாள்.

"இன்னா சொன்னேன், சொல்லு பாப்போம்?"

ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "துன்னுன்னு சொன்னே. வேற இன்னா சொல்லப் போறே நீ."

சரியாக இருந்தது. கரையில் இருந்த அத்தனை பேரிடமும் போய்ச் சொன்னான். திரும்பி வந்து, அப்படியென்றால் சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று இரண்டாவது பொய்யும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு நாளைக்கு இரண்டு பொய் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு, ஒன்றும் கேட்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றையாவது குறைக்கலாமென்று கஞ்சியில் கை வைத்தாள். முதல் வாய் குமட்டியது. "துன்னுகினுதான் கீறேன், போயா" என்று போனிடம் எரிந்து விழுந்தாள். இரண்டாவது வாய் இறங்கியது.

6

இதுவரை படித்த பத்ரி, கடற்கரைப் பெண்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள், இப்படி மறைக்க மாட்டார்கள் என்றார். பத்ரி கடற்கரைக்குப் போவது காணும் பொங்கலுக்கு மட்டும். ஆனாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வாரம் கதையைத் தொடவில்லை. பிறகு தோன்றியது: முகத்துக்கு நேரே பேசுகிறவளுக்குத்தான் ஒரு பொய் இவ்வளவு பாரமாக இருக்கும். சாப்பிட்டுத் தீர்க்கிற அளவுக்கு.

ஒரு மாதத்தில் மார்கரெட்டின் எடை மெஷினில் ஒன்றரைக் கிலோ ஏறியது. என் அலட்சியமும் அவள் பொய்யும் சேர்ந்து ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊற்றின. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம்.

7

ஐப்பசியில் ஒரு நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே கடலில் எஞ்சின் நின்றுபோனது. லோகு காதிலிருந்த பொத்தானை அமுக்கி, "யோகு, எஞ்சின் நின்னுபோச்சு. நேரமாவும். பயப்படாத" என்றான். சொல்லிவிட்ட நிம்மதியில் எஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தான்.

வடக்கே போன படகொன்று அருகில் வந்தது. கரையில் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டார்கள்.

"வாணாம் அண்ணாத்த, நான் சொல்லிட்டேன்" என்று காதைத் தொட்டுக் காட்டினான்.

கரையில் பன்னிரண்டு ஆனது. இரண்டு ஆனது. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. மூன்று மணிக்கு ஆதியம்மாள் சோறும் குழம்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். யோகேஸ்வரி தொடவில்லை. இன்றைக்கு அவன் என்ன சட்டை போட்டுப் போனான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் இருட்டில் போனவன். எவ்வளவு யோசித்தும் சட்டை ஞாபகம் வரவில்லை.

போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இன்னாயா சொல்றே?" என்றாள். "எனுக்கு ஒண்ணுமே கேக்கலய்யா. ஒரு நாளும் கேக்கலய்யா."

ஆதியம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள். இந்தத் தடவை நக்கல் பேசவில்லை.

8

படகை நான் கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனைக் கடலில் விட எனக்கு மனசு வரவில்லை. ஐந்தரை மணி. கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பாக லோகு வருகிறான். சோறு காய்ந்துபோய்க் கிடக்கிறது. அதை அவன் இன்னும் பார்க்கவில்லை.

கேட்டது என்று அவள் சொன்னால், நாளை எட்டு மணிக்கும் கஞ்சி இறங்கலாம். இன்னொரு நாள் எஞ்சின் நிற்கும். அப்போதும் அவன் காதைத் தொட்டுக் காட்டி உதவியைத் திருப்பி அனுப்புவான். கேட்கவில்லை என்று சொன்னால், போனைப் பாலித்தீன் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போவான். அந்தத் தூரத்துக்கு டவர் எட்டினாலும் எட்டும், நிஜமான குரல் வரும். அல்லது, இத்தனை நாள் எதை நம்பிச் சாப்பிட்டாய் என்று அவன் கேட்பான், அவள் தொண்டை மறுபடி அடைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டையும் கிழித்தேன்.

லோகு அவள் முன்னால் வந்து நின்றுவிட்டான். நீல விளக்கு சிமிட்டுகிறது.

"நேரமாவும்னு சொன்னேனே, கேட்டுச்சா?"

பேருந்தில் அவர் கேட்ட கேள்விக்கு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். இந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.