ஊதாக் குழாயில் வந்த பெயர்

விண்ட்ஹுக் நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, குடிநீரல்ல என்று காட்டும் ஊதாக் குழாயில் கல்லறைத் தோட்டத்துப் புல்லுக்குப் பாய்ச்சத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, ஊராரின் குளியலறைப் பேச்சும் அந்தத் தண்ணீரோடு வரத் தொடங்கியது. நிலையத்தில் அழுக்கை எடுத்தார்கள், வாடையை எடுத்தார்கள். பேச்சை வடிகட்ட அவர்களிடம் சல்லடை இல்லை. நகராட்சி ஆள் வந்து உப்பைச் சோதித்தார், கிருமியைச் சோதித்தார், சத்தத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்று கிளம்பிவிட்டார். கொஞ்ச நாள் கூட்டம் கூடியது. அடுத்தவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் சலித்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

தண்ணீர் பாய்ச்சும் கவாரிக்கு மட்டும் சலிக்கவில்லை. அவருடைய மனைவி கவேசெம்பா அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே ஆறாம் வரிசையில் கிடந்தாள். மகள் விஜாண்டா, முறையாகப் பெண் கேட்டுப் பரிசமாக மாடு ஓட்டி வராத ஒருவனோடு போனபோது, "இனி என் வாசப்படி மிதிக்காத" என்று சொன்னவர் அவர்தான். சிறு வயதில் ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்காதவள், இதை மட்டும் ஏழு வருஷம் கேட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்காம் தெளிப்பானில் அவள் குரல் விழுந்தது. "கண்ண மூடுடி பாப்பா, சோப்பு எரியும்." கூடவே ஒரு கைக்குழந்தையின் வீறிடல். கவாரி ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அந்த வீறிடல் மழலையானது. ஆனாலும் பாப்பா பெயரில்லாமல் பாப்பாவாகவே இருந்தாள். அவர் குலத்து வழக்கப்படி, வீட்டுப் பெரியவர் வாயில் தண்ணீர் ஏந்தித் தெளித்து, இவள் இன்னாள் என்று இறந்தவர்களிடம் சொன்னால்தான் பெயர். அந்தப் பெரியவர் இவர். மகள் வீடு எங்கே என்று தண்ணீர் சொல்லவில்லை.

கடைசியில் ஒருநாள், பாப்பாவின் சிரிப்பு விழுந்துகொண்டிருந்தபோதே அந்தத் தண்ணீரை வாய் நிறையப் பிடித்தார். மேற்பார்வையாளர் கரோலுஸ் ஓடி வந்தார்.

"யோவ் பெருசு! குடிக்காதேன்னு இம்மாம் பெரிய போர்டு வச்சிருக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. மனைவியின் கல்லறைமேல் ஊதித் தெளித்துவிட்டுத்தான் பேசினார். "குடிக்கல சார். ஏ கவேசெம்பா, இது உன் பேத்தி. உன் பேரையே வச்சிருக்கேன். பாத்துக்க."

"குழந்தை எங்கய்யா?"

"இந்தா, இப்பத்தான் குளிச்சிக்கிட்டு இருக்கா."

கரோலுஸ் திட்டிக்கொண்டே தன் குடிதண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, வாயைக் கழுவச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து நான்காம் தெளிப்பானில் விஜாண்டா கத்தினாள்: "அடியே கவேசெம்பா! தண்ணிய வெளிய அடிக்காதடி!"

அந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. தன் அப்பாவைப் பற்றி விஜாண்டாவின் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. நேரமாகிவிட்டதால் கவாரி மற்ற தெளிப்பான்களை அடைத்தார்; நான்காவதை மட்டும், குழந்தைக்குத் தலை துவட்டி முடிக்கும்வரை விட்டுவைத்தார்.