ஒத்திகையில் சொன்ன பாவம்

சாரதாமணி டீச்சர் பாவம் கேட்க உட்கார்ந்த கூத்து ராசிபுரம் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. அவள் தறிக்காரக் குடும்பத்துப் பெண். செவ்வாய், வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருகிறவள். ஆனால் மாதா பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து தலையும் நரைத்தாயிற்று. தினமும் முதல் மணியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற வேத வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்கள் இவளிடம் நன்னெறி வகுப்புக்கு வருவார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது அரைச் சுவர். அந்தப் பக்கம் ஓதும் செபமெல்லாம் இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு இவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அதனால்தான் மறைக்கல்வி எடுக்கும் இளைய சிஸ்டர் காய்ச்சலில் படுத்ததும் தலைமையாசிரியை சோபியா சிஸ்டருக்கு இவள் ஞாபகம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க மொதல் தடவையா நற்கருணை வாங்குற புதுநன்மை. அதுக்கு முன்னால வெள்ளிக்கிழமை ஃபாதர் வந்து பாவசங்கீர்த்தனம் கேக்கப்போறார். ஒருத்தரும் ஒத்திகை பாக்கல. நீங்க கொஞ்சம் பழக்கிவிடுங்க டீச்சர்."

"நானுங்களா சிஸ்டர்?"

"எங்க முழங்கால் போடணும், என்ன சொல்லணும்னு காட்டினாப் போதும். மத்ததை ஃபாதர் பாத்துப்பார்."

மாட்டேன் என்று சொல்லச் சாரதாமணிக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் சிஸ்டர் ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தார். காரணம், ஆழ்துளைக் கிணற்று மோட்டார். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போன பிறகும் ஓடு ஓடென்று ஓடி மோட்டார் கருகிவிட்டது. மோட்டார் போடுவதும் அமத்துவதும் ஆயா சின்னாயியின் வேலை.

"வெள்ளிக்கெழமை சாயங்காலம் அமத்திட்டுத்தானுங்க சிஸ்டர் ஊட்டுக்குப் போனேன்" என்றாள் சின்னாயி.

சிஸ்டர் சாரதாமணியைத் திரும்பிப் பார்த்தார். அன்று கடைசியாகக் கிளம்பியவர்களில் அவளும் ஒருத்தி. "நான் போறப்ப தொட்டியில தண்ணி உழுற சத்தம் கேட்டுட்டுத்தான் இருந்துச்சுங்க" என்றாள் சாரதாமணி. அது உண்மைதான். அவள் போன பிறகு சின்னாயி அமத்தினாளா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது, அதைச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன திருப்தியோடு வகுப்புக்குப் போய்விட்டாள். இந்த மாதத்தோடு நின்றுகொள் என்று சிஸ்டர் சின்னாயியிடம் சொன்னது மத்தியானம்தான் அவள் காதுக்கு வந்தது. சின்னாயி புருஷன் இல்லாதவள், கல்லூரிக்குப் போகும் மகளுக்கு இந்தச் சம்பளம்தான். சாரதாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் தப்பு சின்னாயி மேல்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மோட்டார் இல்லாததால் தெருக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றியவளும் அதே சின்னாயிதான்.

புதன்கிழமை ஒத்திகை. ஒரு பெஞ்சின் மேல் கரும்பலகையை நிறுத்தி, அதற்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு சாரதாமணி ஃபாதராக உட்கார்ந்தாள். அதற்கு முன் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு ஃபாதர் என்றாலே நடுக்கம்.

"பயப்படவே கூடாது. நீங்க சொல்றதை ஃபாதர் யாருகிட்டயும் சொல்லமாட்டார். உங்க அம்மா அப்பா கேட்டாலும் சொல்லமாட்டார், போலீஸ் வந்து கேட்டாலும் சொல்லமாட்டார். இப்ப சும்மா பழகுறோம். ஏதாச்சும் ஒரு பாவத்தை நெனச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க."

ஒவ்வொருவராக வந்து பலகைக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டார்கள். "சாமி, நான் பாவியாயிருக்கிறேன், என்னை ஆசீர்வதியும்" என்பது வரை எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். பாவத்துக்குத்தான் பஞ்சம். முதல் பிள்ளை அம்மாவுக்குத் தெரியாமல் பால் குடித்தேன் என்றது, அடுத்தடுத்து வந்த பிள்ளைகளும் அதே பாலைக் குடித்தன. ஒரு சிறுமி நிதானமாகக் கொலை செய்தேன் என்றாள். யாரை என்று கேட்டதற்கு எறும்பை என்றாள். சாரதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே செபம் மூணு தரம் சொல்லு" என்று அனுப்பினாள்.

பிறகு ஜூட் வந்தான். நான்காம் வகுப்பு, வாய் ஓயாத பையன். அன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"சனிக்கெழமை ஸ்பெஷல் மறைக்கல்விக்கு வந்தப்ப காலெல்லாம் சேறு. மோட்டார் கொழாயில தண்ணி வரல. பச்சை பட்டனை அமுக்கி மோட்டரைப் போட்டேன். கால் கழுவிட்டு அப்படியே மறந்து போயிட்டேன்."

சாரதாமணி பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நெசமாவா சொல்ற, இல்ல ஒத்திகைக்கா?" என்றாள்.

"நெசந்தாங்க மிஸ். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பெல்ட்டைக் கழட்டிருவாரு. நீங்க யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?"

"நீயே சிஸ்டர்கிட்ட வந்து சொல்றியா சாமி? நானும் கூட வாரேன்."

அவன் அழ ஆரம்பித்தான். "இங்க சொன்னா வெளிய போவாதுன்னீங்களே மிஸ்."

சொன்னது அவள்தான். போலீஸ் வரைக்கும் இழுத்துச் சொல்லியிருந்தாள். இனி அதை எப்படி விழுங்குவது? "போ, யாருகிட்டயும் சொல்லல" என்று அவன் கண்ணைத் துடைத்து அனுப்பிவிட்டு, மிச்சப் பிள்ளைகளின் பாவங்களைக் காதில் வாங்காமலே கேட்டு முடித்தாள்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலைச் செபம் முடிந்ததும் சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"சின்னாயக்காவை நிறுத்தாதீங்க சிஸ்டர். அவங்க அமத்திட்டுத்தான் போயிருக்காங்க. அன்னைக்கு நான் சொன்னது அரைகுறைங்க."

"அப்ப யார் போட்டது?"

"தெரியுங்க. சொல்ல முடியாதுங்க."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நேற்றைய ஒத்திகையும் சாரதாமணியின் முகமும் சேர்ந்து அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன.

"ஒத்திகையில எந்தப் பிள்ளையாவது சொல்லுச்சா? டீச்சர், அது பாவசங்கீர்த்தனமே இல்ல. நீங்க குருவானவர் இல்ல. கிறிஸ்தவரே இல்ல. அந்த ரகசியம் உங்களைக் கட்டுப்படுத்தாது."

"எனக்குத் தெரியுங்க சிஸ்டர். சொன்ன புள்ளைக்குத் தெரியாதுங்களே."

வெளியே இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நான் வெளிய சொன்னா, நாளைக்கு ஃபாதர்கிட்ட அந்தப் புள்ள வாயைத் தொறக்குமுங்களா?" என்றாள் சாரதாமணி.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சின்னாயி இருக்கட்டும். யாருன்னு நானும் கேக்கல. நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"வேண்டாமுங்க. வெனையை இழுத்துவிட்டது நானு. நானே சொல்லிக்கறேன்."

சின்னாயி சமையல்கட்டுக்குப் பின்னால் குடங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். தோளெல்லாம் நனைந்திருந்தது. சாரதாமணி பக்கத்தில் போய் நின்று, "சிஸ்டர்கிட்டப் பேசிட்டேன். நீங்க வேலையை விட்டு நிக்க வேண்டியதில்லைங்க அக்கா" என்றாள்.

சின்னாயி குடத்தைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. "நான் அமத்தலீன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"அமத்திட்டுத்தான் போனீங்க. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"பொறவு யாருங்க போட்டது?"

சாரதாமணி தரையைப் பார்த்தாள்.

"சனிக்கெழமை புள்ளைங்க வெவரத்தைக் கம்ப்யூட்டர்ல பதியற வேலைன்னு நீங்களும் வந்திருந்தீங்க இல்லீங்களா?"

"வந்திருந்தேன்."

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அது எங்கே போய் நிற்கிறது என்று சாரதாமணிக்கு உறைத்தது. சின்னாயியின் கண் அவள் முகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. போட்டது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சனிக்கிழமை வேறு யார் வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அன்று வந்த மறைக்கல்விப் பிள்ளைகள் ஒரு கை எண்ணிக்கைதான், அவர்களில் இன்னார் என்று கண்டுபிடிக்கச் சின்னாயிக்கு ஒரு நாள் ஆகாது. அழுகை வந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.

"என்னை மன்னிச்சுக்கங்க அக்கா" என்றாள். அவள் கேட்ட மன்னிப்பு வேறு, சின்னாயி கேட்டுக்கொண்டது வேறு.

சின்னாயி தலைச் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"உடுங்க சாமி. படிச்சவீங்களுக்கும் பயம் வருமாட்ட இருக்குது. நான் யாருகிட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டு, வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள்.