இணைப்பு இடமாற்றம்

சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தண்ணி, கேஸ், கரண்ட் எல்லாத்தையும் உங்க பேருக்கு மாத்திக்கணும்மா. அப்புறம் பில் என் தலையில வந்து விழுந்தா நல்லாருக்காது."

தையல்காரி தலையாட்டினாள். தன் பெயர் எவன் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் அவள் ஊர்விட்டு ஊர் வந்திருந்தாள். கட்டியவன் கையால் வாங்கிய அடி போதுமென்று, தையல் மெஷினைக்கூட விட்டுவிட்டு, மகள் வாண்டுவை இழுத்துக்கொண்டு கிளம்பியவள். "எங்க போனாலும் தேடி வருவேன்" என்று அவன் அடிக்கடி சொல்வான். மற்ற எதைச் சொன்னாலும் மறந்துவிடுவான், மிரட்டினதை மட்டும் தவறாமல் செய்வான்.

ஆனால் பெயர் கொடுக்காமல் குழாயில் தண்ணீர் வருமா? பயந்து பயந்து எழுதிக் கொடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கேஸ்காரர் வந்து சிலிண்டரை மாட்டிவிட்டுப் போனார். அப்போதும் வானம் இடிந்து விழவில்லை. மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியமே வந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"புதுசா வாங்கினா ஒரு வாரம் ஆகும் மேடம்," என்றது போனில் ஒரு தேன் குரல். "பழைய வீட்டு கனெக்‌ஷன் உங்க பேர்ல இருந்தா அதையே இங்க மாத்திடலாம். இன்னிக்கே ஆயிடும்."

வாண்டு வியர்த்து வழிய வெறுந்தரையில் படுத்திருந்தது. "மாத்திடுங்க," என்றாள். பழைய இணைப்பு எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து பில் கட்டியவள் அவள்தானே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"முடிஞ்சுது மேடம். புது அட்ரஸோட மெசேஜ் போயிருக்கு, பாருங்க."

பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"எந்த நம்பருக்குப் போச்சு?" என்று கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கணக்கு அவள் பெயரில், போன் நம்பர் அவனுடையது. மாதாமாதம் எவ்வளவு கரண்ட் எரிக்கிறாள் என்று அந்தத் துரைக்கு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டுமாம். இணைப்பு வாங்கிய அன்றைக்கு அந்த நம்பரை எழுதிக் கொடுத்ததும் இவள்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

"ரத்து பண்ணிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ரத்து பண்ணாலும் போன மெசேஜ் திரும்பி வராதே மேடம். ஏன், என்னாச்சு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிறவன், இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். இடியே விழுந்தாலும் எழ மாட்டான். மின்விசிறி நின்றால் மட்டும் துள்ளி எழுந்து வீட்டையே ரெண்டாக்குவான். சாயங்காலம் வரை போனைத் தொட மாட்டான், அதற்குள் எங்கேயாவது போய்விடலாம். போன உயிர் பாதி திரும்பியது.

"அந்த வீட்டு லைனை எப்ப நிறுத்துவீங்க?"

"ஆளே வர வேண்டாம் மேடம், இங்கருந்தே பண்ணிடுவோம். அங்க கட் ஆன உடனே உங்களுக்கு வந்துடும்."

"வேணாம்மா, கொஞ்சம் பொறுங்க, சாயங்காலம் வரைக்குமாவது..."

"அம்மா!" என்று கத்தியது வாண்டு.

தலைக்கு மேலே மின்விசிறி லேசாக அசைந்தது, கிறீச்சிட்டது, வேகம் பிடித்துச் சுற்றியது. வாண்டு அதன் அடியில் கைகளை விரித்துக்கொண்டு குதித்தது.

"காத்து வருதும்மா! இந்த வீடு சூப்பர்மா, இங்கயே இருப்போம்!"

அங்கே அவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். ஊரையே வைதுகொண்டு தலையணைக்கு அடியில் போனைத் துழாவிக்கொண்டிருப்பான்.

இன்னும் பிரிக்காத பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"செருப்பைப் போடுடி கண்ணு," என்றாள்.