கோழியும் என் போட்டோவும்

பதினோரு வருஷமாக வியாழக்கிழமை மதியம் காசினோவுக்குப் போகிறேன். ஒருத்தர்கூட என்னைச் சூதாடி என்று சொன்னதில்லை. ஏடிஎம் கார்டு வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கும். என் கடையில் ஒரு ஆளுக்கு முடி வெட்டினால் என்ன கிடைக்குமோ, அதுதான் கைப்பையில். கூடவே ஒரு கோழி. முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கோழி. கழுத்தைத் திருகி வைத்தால் ஒரு மணி நேரத்தில் கிணுகிணுவென்று அடிக்கும். அடித்தால் எழுந்துவிடுவேன், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. பரானா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் காசினோவில் ஜன்னல் கிடையாது, ஒரு சுவரிலும் கடிகாரம் கிடையாது. அதனால் என் கோழியைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள்.

மேலாளர் பாசுவால்தோ மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் என்னையும் கோழியையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். "பொறுப்பா ஆடுறதுக்கு நீங்கதான் உதாரணம், டோன்யா நெலிடா. வாசல்ல பெருசா வைக்கப் போறோம்." டோன்யா என்று மரியாதையாக வேறு கூப்பிட்டார்; எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் போட்டோவுக்காகத் தலைக்குச் சாயமெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

என் சிநேகிதி சுலேமா என்னைப் போல இல்லை. தையல் மெஷினை விற்று ஆடியவள். மார்ச்சில் நானே அவளைக் கூட்டிப்போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போடவைத்தேன்: இரண்டு வருஷத்துக்கு என்னை உள்ளே விடாதீர்கள். அவள் படம் வாசல் காவலர்களிடம் போனது. "இனிமே நான் அழுதாக்கூட விடாதேடீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன்.

நேற்று வியாழக்கிழமை. வாசலில் ஆள் உயரத்துக்கு நான், கையில் கோழி. 'நேரம் தெரிந்தவர் நெலிடா. நீங்களும் வாருங்கள்!' ஒரு நிமிஷம் நின்று ரசித்தேன், பொய் சொல்வானேன். உள்ளே போனால் கடைசி வரிசைச் சூதாட்ட மெஷின் முன்னால் சுலேமாவின் பச்சை ஸ்வெட்டர்.

நேராக வாசலுக்குத் திரும்பினேன். காவலாளி ராமிரோவுக்கு முதன்முதலில் முடி வெட்டினவள் நான்.

"டேய், சுலேமா படம் உங்கிட்ட இருக்கா இல்லையா?"

"இருக்கு டோன்யா. ஆனா அவங்க கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்தாங்க..."

"கண்ணாடி போட்டா ஆள் மாறிடுவாளா? நாளைக்கு உங்கம்மா தொப்பி போட்டுட்டு வந்தா யாருன்னு கேப்பியா?"

பாசுவால்தோ ஓடி வந்தார். "மெதுவா பேசுங்கம்மா. அந்தப் படிவம் அவங்களா விரும்பிக் குடுத்தது. பொறுப்பு அவங்களோடது."

"அப்ப உங்க பொறுப்பு என்ன? சுவத்துல என்னை ஒட்டுறதா?"

அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சுலேமாவின் தோளைத் தொட்டேன். அவள் கண்ணை மெஷினிலிருந்து எடுக்கவில்லை.

"கத்தாதே. நீதானே கூப்பிட்டே."

"நானா?"

செல்போனை நீட்டினாள். அதே போட்டோ. நேரம் தெரிந்தவர் நெலிடா. அதன் கீழே, முதல் அரை மணி நேரம் இலவசம். பழைய ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், எங்களை உள்ளே விடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து.

"உன் மூஞ்சியப் பாத்ததும் என்னாலயும் முடியும்னு தோணுச்சு. இத பாரு, நானும் வாங்கினேன்." கைப்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தாள். உள்ளே மஞ்சள் கோழி. "மூணு தடவ அடிச்சிருச்சு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு சுத்தி வச்சிட்டேன்."

சாயம் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டி நின்ற என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எந்திரிடீ."

அழுதாள். விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து வாசல் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அந்தப் படிவம் ஒண்ணு குடுங்க."

"அவங்கதான் ஏற்கெனவே..." என்றார் பாசுவால்தோ.

"எனக்கு."

அவர் பதறினார். "உங்களுக்கு எதுக்கும்மா? நீங்கதானே எங்க உதாரணம்!"

கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம். என் வியாழக்கிழமைகள் போச்சு. மனசு ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுவதற்குப் போட்டோ வேண்டும் என்று முனகினான் ராமிரோ. நான் சுவரைக் காட்டினேன்.

"அதையே எடுத்து ஒட்டு. நல்லாப் பாத்துக்கோ. நான் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்தாலும் உள்ள விடாதே."