கொம்பனுக்கு வைத்த கரண்ட்

நான் கலைமதி, பாலக்கரையில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். படித்ததென்னவோ மனித உடம்பைத்தான். கால்நடை டாக்டர் இம்தியாஸ் அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கிற ஆளில்லை. "தசை தசைதாங்க. தசைக்கு லேசா கரண்ட் வைக்கிற மெஷினைத் தூக்கிட்டு வாங்க, அளவை நான் சொல்றேன்" என்று துவாக்குடி தாண்டி ஒரு ஊருக்கு என்னை இழுத்துப் போய்விட்டார்.

நோயாளியின் பெயர் கொம்பன், ஜல்லிக்கட்டுக் காளை. வழுக்கி விழுந்ததில் தசை சோர்ந்துபோய், பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. அதை வளர்க்கிற அழகிரி கண்கலங்கி நின்றார். வீட்டுச் சுவரில் கொம்பனின் படம் கதவளவுக்கு இருந்தது. கல்யாணப் படம் உள்ளங்கையளவு. இந்த வீட்டில் யார் பெரியவர் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

கொம்பன் அழகிரியின் மனைவி வெள்ளையம்மாளுக்குத்தான் அடங்கும். அவர் கயிற்றைப் பிடிக்க வந்தார். இடுப்பில் ஒரு கை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. மாட்டைவிட மோசமாக நொண்டினார்.

"இவங்களுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அது கிடக்குதுங்க, வயசானா வலிக்கத்தானே செய்யும். நீங்க கொம்பனைப் பாருங்க டாக்டரம்மா" என்றார் அழகிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"மாடு மிரளாம நிக்கணும்னா, அது நம்புற ஆளுக்கு முதல்ல கரண்ட் வைக்கணும். அதைப் பார்த்தாத்தான் அதுக்குத் தைரியம் வரும்."

இம்தியாஸ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அப்ப வைங்க! ஏய், சீக்கிரம் உட்காரு!" அழகிரியே நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வெள்ளையம்மாளின் இடுப்பில் மெஷினின் பேடுகளை ஒட்டி, கரண்டை மெதுவாகக் கூட்டினேன். "எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றவர் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கொம்பனின் தொடையில் முடியை மழித்து, ஜெல் தடவி ஒட்டினோம். என் பொய்யைக் காப்பாற்றுவதற்கென்றே அது அசையாமல் நின்றது.

இப்படியே சில வாரம் போனது. கொம்பன் காலை ஊன்றி நடந்தது. வெள்ளையம்மாளும் நான் சொன்ன பயிற்சிகளை அடுப்படியிலேயே செய்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தார். ஆனால் குனிந்தால் இன்னும் வலித்தது. அந்த நேரம் பார்த்து, மாட்டுக்கு இனி கரண்ட் வேண்டாம் என்றார் இம்தியாஸ். வெள்ளையம்மாள் ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசே சரியில்லை.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமாவின் தோளைத் திருகிக்கொண்டிருந்தபோது அழகிரியின் போன்.

"கொம்பன் திரும்ப நொண்டுதுங்க. மெஷினோட வாங்க."

அடித்துப் பிடித்து ஓடினேன். கொம்பன் வைக்கோல்போரைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருந்தது. நாற்காலி மட்டும் தயாராகப் போட்டிருந்தது, முதுகுக்குத் தலையணையோடு.

"எங்கங்க நொண்டுது?"

அழகிரி பிடரியைச் சொறிந்தார். "காலையில நொண்டுச்சுங்க. எதுக்கும் வழக்கம்போல அவளுக்கு முதல்ல வச்சிடுங்களேன்."

வெள்ளையம்மாள் உட்காரவில்லை.

"'என் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி'ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, உட்காருறேன். நாக்கு சுளுக்கிக்கிச்சுன்னா அதுக்கும் டாக்டரம்மா கரண்ட் வைப்பாங்க."

அழகிரி சொன்னார். கொம்பனைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். வெள்ளையம்மாள் உட்கார்ந்தார்.